பாசியிற் கிடந்த பழங்கதை

பாசிதானே என்று மிதித்து அப்பாற் செல்வது நம்மவர் வழக்கம். அப்பாசியுள்ளும் அதிசயம் உறையும் என்பதற்குப் பனாமா நாட்டு மழைக்காடு சான்று பகர்கின்றது.

ஈரமண்ணிலே படர்ந்து, சிறு கொம்புகளை நீட்டி வளர்வது அந்தோசெரோசுக் குலத்துச் செடி. அதன் உட்குழிகளில் நொசுத்தொக்கு என்னும் நீலப்பச்சை உயிர் குடியிருந்து, வளியின் நைதரசனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும். பனாமாவிற் பெற்ற அத்தகைய செடியொன்றில் ஆய்வாளர் கண்டதோ வேறோர் உயிர். 2021 ஆம் ஆண்டில் அதற்கு 'அந்தோசெரோத்திபக்டர் பனமென்சிசு' எனப் பெயர் சூட்டினர்.

இதன் சிறப்பு யாது? நீலப்பச்சை உயிர்களிற் பெரும்பாலானவை தைலக்கொயிட்டு என்னும் உள்மென்சவ்வுகளிலேயே ஒளித்தொகுப்பை நிகழ்த்துவன. இதற்கோ அவை இல்லை. கலத்தைச் சூழ்ந்த மென்சவ்விலேயே அப்பணி நடைபெறுகின்றது. ஆதலின் வளர்ச்சியும் மிக மெதுவானதே. 1974 இல் விவரிக்கப்பட்ட கிளியோபக்டரும் இத்தன்மையதே. ஆயினும் இவ்விரு கிளைகளும் பிரிந்து ஏறத்தாழ 140 கோடி ஆண்டுகள் ஆயின என்பது கணிப்பு.

"தைலக்கொயிட்டு எல்லாவற்றிலும் உண்டா?" என மாணவன் ஒருவன் முன்னொருநாள் வினவியபோது, "ஆம்" என்றோம். அவ்விடை பிழை. அதனை இங்கே திருத்திக்கொள்வதில் நமக்கு நாணமில்லை, வினவியவனுக்கே பெருமை.

இப்பூமியின் வளியை முதன்முதல் ஒட்சிசனால் நிரப்பிய குலம் இது. அதன் பழங்கதையின் ஓர் ஏடு சிறு செடியொன்றின் மடியிற் கிடந்தது. காடு அழியின் மரங்கள் மாத்திரமா அழியும்? நாம் இன்னும் படியாத ஏடுகளும் உடன் அழியுமன்றோ!