வழிகாட்டிக்குக் கூலி கொடுங்கள்

மார்கழி, தை பிறந்தால் கொல்லிமலைக்கு வண்டிகள் வரிசை கட்டுகின்றன. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கையில் ஒரு குளியல், அறப்பளீஸ்வரருக்கு ஒரு கும்பிடு, இருட்டுவதற்குள் இறக்கம். இதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மலையைப் பார்த்தேன் என்று சொல்வதற்கு, ஒரு நாளாவது உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அவருக்கு உரிய கூலியும் கொடுக்க வேண்டும். இது என் கட்சி.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பனிமலையைப் படத்தில் மட்டுமே பார்த்த நாங்கள் ஆல்ப்ஸ் சிகரங்களின் பெயர்களை மனப்பாடம் செய்தோம். அங்கே மோன் பிளான் அடிவாரத்தில் ஷாமோனி என்ற ஊர். 1820-இல் சிகரம் ஏறப்போன ஒரு குழு பனிச்சரிவில் சிக்கி, வழிகாட்டிகள் மூவர் மாண்டார்கள். மறு ஆண்டே அவ்வூர் வழிகாட்டிகளுக்கென ஒரு சங்கம் ஏற்பட்டது. வேலையை முறை வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். விபத்தில் சிக்கிய குடும்பங்களுக்கு உதவ நிதியும் வைத்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. பனி மூடிய பள்ளத்தாக்கில் ஒரு நாள் நடக்க வருகிறவர், வழிகாட்டிக்குப் பணம் கட்டுவதை வீண்செலவாக நினைப்பதில்லை.

நம் ஊரிலும் பாடம் படிக்க உயிர்கள் போயின. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தி, மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது. நல்ல காரியம்.

‘போனிலேயே வரைபடம் இருக்கிறதே, ஆள் எதற்கு?’ என்று கேட்பார்கள். கொல்லிமலையில் பனி இல்லை, ஆனால் மூடுபனி உண்டு. அது இறங்கிவிட்டால் பத்தடி முன்னால் பாதையா பள்ளமா என்று வரைபடம் சொல்லாது. அருவிப் பக்கம் எந்தப் பாறை வழுக்கும் என்பது அங்கே பிறந்தவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் மரவள்ளி ஏறியது ஏன், சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி எப்படி ஏறுகிறது என்பதையெல்லாம், அந்த நிலத்தில் உழைத்தவர் நடந்துகொண்டே சொல்லிவிடுவார். அங்குள்ள பழங்குடியினரை ‘மலையாளி’ என்பார்கள். கேரளத்துக்காரர்கள் அல்லர், மலையில் வாழ்பவர்கள் என்று பொருள். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் இறங்கிவிடுபவர்களே அதிகம்.

அரசு அலுவலகத்தில் பயணப்படிப் பட்டியல்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பஸ் கட்டணத்தைப் பைசா சுத்தமாக எழுதி வாங்குவோம். நாள் முழுக்க நமக்காக நடந்தவரிடம் மட்டும், ‘சும்மா கூட வந்தீங்க, டீ செலவுக்கு வச்சுக்குங்க’ என்று ஐம்பது ரூபாயை நீட்டுவது எந்த நியாயம்?

செம்மேட்டில் ஒரு பலகை போதும். வழிகாட்டிகளின் பெயர், அரை நாளுக்கு இவ்வளவு, முழு நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம், முறை வைத்து வேலை, அவர்களுக்கு ஒரு விபத்துக் காப்பீடு. ஊராட்சிகள் மனம் வைத்தால் முடியும்.

அதுவரை, போகிறவர்கள் புறப்படும் முன்பே கூலியைப் பேசி முடித்துவிடுங்கள். இறங்கிய பிறகு பேரம் பேசாதீர்கள்.