மோட்டாரைக் கழற்றும் முன்

"தானாகத் திரும்புகிறதா? அப்படியென்றால் மோட்டார் போய்விட்டது. கழற்றிப் போட்டுவிட்டுப் புதிய ஸ்டீயரிங் வாங்குவோம்." எங்கள் குழுவில் எழுவரில் ஐவர் சொன்ன தீர்ப்பு இது. அந்த ஐவருமே பொறியியல் மாணவர்கள் என்பதுதான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது.

பல்கலைக்கழக விழாவில் நிதி திரட்ட, மூடப்பட்ட விளையாட்டு மையம் ஒன்றிலிருந்து பழைய கார் பந்தய ஆர்கேட் பெட்டியை 400 ரிங்கிட்டுக்கு வாங்கினோம். அதன் சொந்தப் பலகைகள் எதுவும் உள்ளே இல்லை. முன்பு வைத்திருந்தவர் பொருத்திய 24 வோல்ட் மோட்டார் மட்டும் இருந்தது. நாங்கள் ஒரு கணினியையும், ஆர்டுயினோ லியோனார்டோ பலகையையும், மோட்டாரை இரு திசையிலும் ஓட்டும் எச்-பிரிட்ஜ் பலகையையும் இணைத்தோம். விசையைத் தட்டியதும் ஸ்டீயரிங் வலப்பக்கம் பாய்ந்து முட்டி நின்றது. நண்பனின் கட்டைவிரல் சுளுக்கிக்கொண்டது.

புதிய ஸ்டீயரிங் என்று அவர்கள் சொன்னது வீட்டுக் கணினிக்கான லாஜிடெக் ஜி29. நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் அது 900 பாகை சுழலும். ஆர்கேட் ஸ்டீயரிங்கோ பெரும்பாலும் 270 பாகை அளவே சுழலும். செகா 1994இல் வெளியிட்ட டேடோனா யூஎஸ்ஏ போன்ற விளையாட்டுகள் அந்தக் குறுகிய சுழற்சியை நம்பி அமைக்கப்பட்டவை. அசையாத இருக்கையில் இருப்பவருக்குக் காரைப் பற்றிச் செய்தி சொல்வது கையில் உணரும் அந்த எதிர்விசைதான். அதை எடுத்துவிட்டால் பெட்டி வெறும் மரச்சட்டம்.

ஒரு வாரம் தவணை கேட்டேன். கிள்ளானில் இத்தகைய இயந்திரங்களைப் பல ஆண்டுகள் பழுது பார்த்த என் மாமாவைத் தொலைபேசியில் அழைத்தேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர் அவர். நான் மென்பொருள் அமைப்புகளை விளக்கத் தொடங்கியதும் குறுக்கிட்டார்: "பெல்ட்ட மொதல்ல கழட்டுடா. கையால திருப்பிப் பாரு. அப்புறம் பேசு."

பெல்ட்டைக் கழற்றினால் மோட்டார் வேறு, ஸ்டீயரிங் வேறு. ஒன்றின் பழியை இன்னொன்றின் மேல் போட முடியாது. ஸ்டீயரிங்கின் நிலையைச் சொல்லும் பொட்டென்ஷியோமீட்டரின் அளவைத் திரையில் பார்த்தபடி மெல்லத் திருப்பினேன். 0 முதல் 1023 வரையான அளவில், நடுவில் 512க்கு அருகே நிற்க வேண்டும்; நின்றது. ஆனால் ஓரிடத்தில் மட்டும் எண் துள்ளியது. உள்ளே தடம் தேய்ந்திருந்தது. 5 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றை வாங்கி மாற்றியதும் துள்ளல் நின்றது, பாய்ச்சல் நிற்கவில்லை.

அடுத்து மாமா கேட்ட கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை: "எப்பவுமே வலப்பக்கம்தான் போகுதா?" இல்லை! சற்று இடப்பக்கம் வைத்து விசையைத் தட்டினால் இடப்பக்கம் பாய்ந்தது. எப்போதும் ஒரே திசை என்றால் பொட்டென்ஷியோமீட்டரின் கம்பி அறுந்திருக்கலாம், மோட்டார் பலகையே கெட்டிருக்கலாம். இருக்கும் பக்கமே மேலும் தள்ளுகிறது என்றால், நடுவுக்கு இழுக்க வேண்டிய விசை தலைகீழாகிவிட்டது என்று பொருள். மோட்டாரின் இரு கம்பிகளை மாற்றிப் போட்டால் போதும்.

போட்டேன். அதே பாய்ச்சல்! ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, நான் கம்பியை மாற்றிய அதே இரவில் என் அறைத்தோழனும் உதவுவதாக நினைத்துப் பொட்டென்ஷியோமீட்டரின் இரு முனைகளை மாற்றியிருக்கிறான். இரண்டு தலைகீழும் சேர்ந்து பழைய கோளாறே திரும்பிவிட்டது. போதாக்குறைக்கு வலப்பக்கம் திருப்பினால் கார் இடப்பக்கம் போனது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்று, மாற்றியதை எழுதி வை என்று ஆய்வுக்கூடத்தில் எத்தனை முறை கேட்டிருப்போம்!

பிறகும் கையை எடுத்தால் ஸ்டீயரிங் இடமும் வலமும் ஆடியது. நடுவுக்கு இழுக்கும் விசையைக் குறைத்து, அசைவைத் தணிக்கும் விசையைச் சற்றுக் கூட்டியதும் அடங்கியது. மோட்டார் கடைசிவரை நலமாகவே இருந்தது.

ஆறு இரவுகள் போயின. புதிய ஸ்டீயரிங் என்றால் ஒரு மணி நேரம். நாளைக் காலை கடை திறக்க வேண்டும் என்றால் வாங்குவதே சரி என்று நானும் சொல்வேன். ஆனால் எங்களுக்கு மூன்று வாரம் இருந்தது. நேரம் இருந்தும், அளந்து பார்க்கும் கருவி இருந்தும், அளக்காமலே தீர்ப்புச் சொன்னோம். நான் தமிழ்ப்பள்ளியில் படித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். மின்தடையை 'ரிந்தாங்கான்' என்று மலாயில் படித்தேன், கணக்கும் போட்டேன், தேர்வில் ஏ-யும் வாங்கினேன். பழுதான பொருள் ஒன்றைக் கையில் கொடுத்து, "எங்கே கெட்டிருக்கிறது, சொல்" என்று எந்த மொழியிலும் யாரும் கேட்டதில்லை. நம் சங்கத்தின் பட்டறைகளிலும் இதுவரை புதிதாகச் செய்யத்தான் கற்றுத் தந்திருக்கிறோம். அடுத்த ஆண்டு ஒரு மாலையாவது பழுது பார்க்க ஒதுக்க வேண்டும், மாமாவைப் போன்ற ஒருவரைச் சிறப்புப் பேச்சாளர் மேடையில் அல்ல, மேசைக்கு அருகே உட்கார வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. செயலவையில் எழுத்து வடிவிலும் கொடுத்திருக்கிறேன்.

வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பழைய பெட்டியின் குழாய்த்திரையில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும், மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னும் தேங்கியிருக்கும். அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம். ஸ்டீயரிங் பக்கம் தாராளமாக வைக்கலாம். அங்கே பெல்ட் இன்னும் சற்றுத் தளர்வாகவே இருக்கிறது, அதே அளவில் வேறு பெல்ட் தேடிக்கொண்டிருக்கிறோம்.