வாயிலில் நிற்கும் லொறி

மாசியும் பங்குனியும் வன்னிக்குச் செல்வம் சேர்க்கும் மாதங்கள். இரணைமடுவின் நீரைக் குடித்து வளர்ந்த காலபோக நெல் அறுவடையாகி மூடைகளில் ஏறும் காலம் அது. அந்நாட்களிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நெற்களஞ்சியங்களின் முன்னும் அரிசி ஆலைகளின் முன்னும் லொறிகள் வரிசையாய் நிற்பதை வீதியாற் செல்வோர் காண்பர். நெல்லின் விலையைப் பற்றிப் பேசாத வாயில்லை. ஈரப்பதன் நூற்றுக்கு 14 ஐத் தாண்டினால் அரசாங்கக் களஞ்சியம் ஏற்காது என்பதையும் கமக்காரர் அனைவரும் அறிவர். ஆனால், அந்த வரிசையில் நிற்கும் லொறியின் சாரதி எப்போது நித்திரை கொண்டார், இனி எப்போது கொள்வார் என்று கேட்பாரைக் காண்பது அரிது.

லொறி ஓடும்போது சாரதி உழைக்கிறார், அது நிற்கும்போது ஓய்வு கொள்கிறார் என்பது பொதுவான எண்ணம். உண்மை அதுவன்று. வரிசை ஓரடி நகர்ந்தால் வண்டியும் ஓரடி நகர வேண்டும். படங்கை அவிழ்க்க வேண்டும். மழை குமுறினால் மீண்டும் கட்ட வேண்டும். நாட்டாமைமார் ஏற்றும் மூடைகளை எண்ண வேண்டும். எப்போது அழைப்பார்கள் என்று தெரியாதவர் கண்ணை மூடுவது எங்ஙனம்? நிற்கும் லொறியில் இருப்பவர் ஓய்வும் பெறாமல், ஊதியமும் பெறாமல், வெயிலையே பெறுகிறார்.

மாணவருக்குக் கொடுக்கத்தக்க எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். சாரதி ஒருவர் காலை 5 மணிக்கு எழுந்து, 6 மணிக்குக் கிளிநொச்சியில் ஒரு களஞ்சிய வாயிலில் லொறியை நிறுத்துகிறார் என்க. சுமையேற்றி முடிய மாலை 4 மணியாகிறது. கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். சுமையுடன் 9 மணி நேரம் ஓடினால் நள்ளிரவு கடந்து 1 மணிக்கு அங்கே சேரலாம். சக்கரம் சுழன்றது 9 மணி நேரம். கண் விழித்திருந்ததோ 20 மணி நேரம். முதலாளியின் குறிப்பேட்டில் முன்னது மட்டுமே பதிவாகும். உடம்பு பின்னதையே பதிவு செய்யும்.

இது வெறும் இரக்கப் பேச்சன்று. அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 1997 இல் வெளியிட்ட ஆய்வொன்று, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண், கவனம் ஆகியன, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றன எனக் காட்டிற்று. 24 மணி நேரம் விழித்திருந்தால் அந்நிலை 100 மில்லிகிராமுக்கு ஒப்பாகும். நம் நாட்டுச் சட்டம் சாரதிக்கு விதித்துள்ள எல்லை 80 மில்லிகிராம். மது அருந்தியவரைப் பிடிக்கப் பொலிசாரிடம் ஊதிப் பார்க்கும் கருவியுண்டு. நித்திரையைக் காட்டும் கருவி அவர்களிடம் இல்லை. "பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்பது நம் முன்னோர் மொழி. சுழலும் சக்கரத்தின் பின்னிருந்தாலும் நித்திரை வந்தே தீரும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் லொறி, இமைகள் நான்கு விநாடி மூடியிருக்கும் பொழுதில் 66 மீற்றர் தூரம் காப்பாரின்றிச் சென்றுவிடும். இரவில் நம் வீதிகளில் மாடுகள் படுத்திருப்பதையும், விளக்கில்லாச் சைக்கிள்கள் செல்வதையும் அறிந்தவர்க்கு அந்த 66 மீற்றரின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் செய்து நேரத்தை அளந்த நாடுகளிலும் இச்சிக்கல் வேறு உருவில் தலைகாட்டியது. அமெரிக்காவில், தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு பெற்ற லொறிச் சாரதி 11 மணி நேரம் வண்டி ஓட்டலாம். ஆனால், வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் அவ்வோட்டம் முடிந்துவிட வேண்டும். பொதுவாக அந்த 14 மணிக் கடிகாரம் எவருடைய வாயிலிலும் நிற்பதில்லை. பண்டகசாலையிற் காத்திருப்பதில் 6 மணி நேரம் கழிந்தால், எஞ்சுவது 8 மட்டுமே. 2017 டிசம்பர் முதல் இந்நேரத்தை வண்டியிலுள்ள மின்னியற் கருவி பதிவு செய்யலாயிற்று. அதன்பின் வாடிக்கையாளரின் முற்றத்திலேயே நேரம் தீர்ந்துபோன சாரதிகள் இருதலைக் கொள்ளி எறும்பாயினர். "முற்றத்தைக் காலி செய்" என்கிறான் காவலாளி. "வண்டியை அசைக்காதே" என்கிறது சட்டம். இதனைக் கண்டு, சுமை ஏற்றி இறக்கிய பின் அருகிலுள்ள பாதுகாப்பான இடமொன்றுக்கு ஓய்வின் பொருட்டு வண்டியைச் செலுத்தலாம் என 2018 இல் அந்நாட்டு அதிகாரிகள் விளக்கம் தந்தனர்.

அதே ஆண்டில் அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தலைமைக் கணக்காய்வு அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வாயிலில் நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், எதிர்பார்க்கத்தக்க விபத்து வீதம் நூற்றுக்கு 6.2 கூடும் என்பது அதன் முடிவு. இழந்த நேரத்தைச் சாரதி வீதியிலே தேடுகிறார் என்பதே இதன் பொருள்.

அண்டை நாடான இந்தியா 1961 இல் இயற்றிய மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என வகுத்தது. ஆயினும், தரிப்பிடங்களில் வெறுமனே காத்திருக்கும் பொழுது 15 நிமிடத்துக்குக் குறைவாயின் மட்டுமே அதனை வேலை நேரத்திற் சேர்த்தது. சிறிய காத்திருப்பு வேலையாயிற்று. பெரிய காத்திருப்பு எவர் கணக்கிலும் சேராததாயிற்று! சட்டங்கள் சாரதியின் கையைப் பிடிக்கின்றன. அவரைக் காக்க வைக்கும் வாயிலையோ அவை எளிதில் தொடுவதில்லை.

காத்திருத்தல் என்பது வன்னி மக்களுக்குப் புதிய பாடமன்று. 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னரும், ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைக்காக நின்ற வரிசைகளை எவர் மறப்பார்? 2006 ஆகஸ்டில் அவ்வழி மூடப்பட்டது. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்று, 2015 இலேதான் ஓமந்தைச் சோதனைச்சாவடி அகற்றப்பட்டது. அந்தக் காத்திருப்பைக் குறைக்கும் வல்லமை நமக்கு இருக்கவில்லை. களஞ்சிய வாயிலிலே நிகழும் காத்திருப்போ நம்மவர் நம்மவர்க்குச் செய்வது. ஆதலால், அதனை நாமே நீக்கவும் இயலும்.

"அறுவடை ஒரே நாளில் வந்து குவிகிறது, ஆட்கள் போதாது, நாங்கள் என் செய்வோம்?" என ஆலைக்காரர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயினும், ஒரு நாளில் இருபது லொறிகளையே கையாளக்கூடிய வாயிலுக்கு நாற்பதையும் விடியற்காலையில் வரச் சொல்வதேன்? இன்ன லொறி இன்ன மணிக்கு என்று தொலைபேசியிற் கூறி இலக்கம் கொடுக்க ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால் அதற்கொரு கூலி என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். குடிநீர், மலசலகூடம், ஒரு மரநிழல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவல்ல. யாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு: இரவில் சுமையேற்றி முடித்த சாரதியை உடனே வெளியே அனுப்பாது, விடியும்வரை முற்றத்திலே உறங்க விடுவது.

முறிகண்டிப் பிள்ளையார் சந்நிதியில் நிறுத்தாது செல்லும் சாரதி அரிது. கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறுவர். எந்தச் சட்டமும் விதியாத தரிப்பு அது, பக்தி விதித்தது. அப்பத்து நிமிடம் காலுக்கும் கண்ணுக்கும் இதமானதே. ஆனால் பிள்ளையார் தரும் பத்து நிமிடம், களஞ்சிய வாயில் பறித்த பத்து மணி நேரத்தை ஈடு செய்யாது.

இதை வாசிக்கும் குடும்பத்தினருக்கும் இதிற் பங்குண்டு. வீடு கட்ட மணலும் கல்லும் வருவிக்கும் நாமும் அந்நாளில் ஒரு வாயிலின் சொந்தக்காரரே. வண்டி வரும் நேரத்தில் இடத்தை ஒதுக்கி வைத்திருந்தோமா, இறக்க ஆட்களை அழைத்திருந்தோமா, ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தோமா என்பவை சிறு வினாக்கள். அந்த லொறியை எதிர்பார்த்து இன்னொரு வீட்டில் மனைவியும் மக்களும் விளக்கை அணைக்காது இருக்கிறார்கள். நாம் வீணாக்கும் ஒவ்வொரு மணியும் அவர்கள் விழித்திருக்கும் இரவிலே போய்ச் சேருகிறது.