துப்பாக்கி நல்லதா இருந்தா போதுமா?

போன மாசக் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது, சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்ண்ணா, உங்க அப்பாரு காலத்துல வீட்டுல லைசென்ஸ் துப்பாக்கி இருந்துச்சாமா. நாட்டுத் துப்பாக்கியில எது நம்பி வாங்கலாமுங்க? நல்லதா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க."

எதுக்கு என்று கேட்டேன். மேட்டுக் காட்டில் போட்டிருந்த உளுந்தை மூணு ராத்திரியில் புள்ளிமான் கூட்டம் மொட்டையடித்துவிட்டது. கீழ்க்காட்டில் கடலையைப் பன்றி உழுது போட்டுவிட்டது. ரசாயனத்தை விட்டு இது அவருக்கு இரண்டாம் வருசம். பக்கத்துக் காட்டுக்காரர் 'குருணை மருந்தை வாழைப்பழத்துல வெச்சு ஓரமாப் போடு, வேலை முடிஞ்சிரும்' என்று சொல்லியிருக்கிறார். "மண்ணுக்கே வெசம் போடறதில்லைன்னு வந்துட்டு, மிருகத்துக்கு எப்படீங்ண்ணா வெக்கிறது? அதுக்குத்தான் துப்பாக்கி கேக்கறேன்" என்றார்.

அந்தத் தம்பி மட்டுமில்லை, காட்டோரத்தில் இயற்கை விவசாயம் செய்கிற பலரின் மனசிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. அதனால் என் பதிலை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். வாங்க வேண்டாம் என்பதுதான் அந்தப் பதில். துப்பாக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நம்ம பிரச்சினையை அது தீர்க்காது. நாம் கேட்க வேண்டியது வேறு.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே நம்மைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. உண்மையாகவே பயிர்க் காவலுக்கு என்றால், வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்கிறது அதன் 13ஆம் பிரிவு. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் வேறு வகைத் துப்பாக்கிக்கும் தரலாம். இதை வைத்துத்தான் 'விவசாயிக்குச் சட்டமே துப்பாக்கி குடுத்திருக்கு' என்று பலர் பேசுகிறார்கள்.

ஆனால் அந்த லைசென்ஸ் துப்பாக்கியை வைத்திருப்பதற்கு மட்டும்தான். மிருகத்தைச் சுடுவதற்கான அனுமதி வேறு சட்டத்தில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான், காட்டுப்பன்றி எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. நம்ம பட்டாவுக்குள் வந்து நம்ம பயிரைத் தின்றாலும், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ எழுத்தில் உத்தரவு தராமல் சுட்டால் அது வேட்டைதான். சிறைக்குப் போக வேண்டிய குற்றம். செத்த மிருகமும் அரசாங்கத்துச் சொத்து. இன்னொன்று, சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் புது லைசென்ஸ் தர வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். மான் தொல்லை அதிகமுள்ள ஊர்களில் பலவும் இந்த எல்லைக்குள்தான் வருகின்றன.

'குடகுல வீட்டுக்கு வீடு துப்பாக்கி வெச்சிருக்காங்களே' என்று கேட்பார்கள். குடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் பழைய காலத்திலிருந்து லைசென்ஸ் விலக்கு இருப்பது உண்மைதான். 2019இல் அதைப் பத்து வருசத்துக்கு நீட்டினார்கள். அதுவும் வைத்திருப்பதற்கான விலக்குதான். வேட்டைக்கு அங்கேயும் அனுமதி கிடையாது.

இனி துப்பாக்கிக்கு வருவோம். எங்க அப்பாரு வைத்திருந்தது ஒற்றைக்குழல். வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, நாரை வைத்துக் கம்பியால் கெட்டித்து, ரவையைப் போட்டு, மறுபடி நார் வைத்துக் கெட்டிக்க வேண்டும். பின்னாடி முலையில் கேப்பு மாட்டி, குதிரையை இழுத்தால்தான் வெடிக்கும். ஒரு வெடிக்கு இத்தனை வேலை. முதல் வெடி தப்பிவிட்டால் இரண்டாவதற்குள் கூட்டம் காட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த வகையில் நம்பகமானது எது என்று கேட்டால், அரசாங்க அனுமதி உள்ள கடையில் வாங்கினது, நம்பர் வெட்டினது, குழலைச் சோதித்த முத்திரை உள்ளது என்று சொல்லலாம். உள்ளே துரு தின்று குழி விழாத குழல் வேண்டும். குதிரை பாதி நிறுத்தத்தில் நழுவாமல் நிற்க வேண்டும். இத்தனையும் இருந்தும் அது பருவத்துக்குப் பருவம் மாறும். கருமருந்தின் சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் போடாவிட்டால் குழலில் துரு ஏறிவிடும். ஐப்பசி மழையில் மருந்து நமுத்தால் கேப்பு மட்டும் வெடிக்கும், துப்பாக்கி வெடிக்காது. 'வெடிக்கலையே' என்று உடனே வாயைத் திருப்பிப் பார்த்தவர்கள் உண்டு. சில சமயம் மருந்து தாமதமாகப் பிடிக்கும். கெட்டித்ததை மறந்து மேலே இன்னொரு தடவை கெட்டித்தால் குழலே வெடித்துவிடும். அதனால்தான் அப்பாரு கம்பியில் கோடு போட்டு வைத்திருந்தார். கம்பியை உள்ளே விட்டால் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து, குழல் காலியா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

இது லைசென்ஸ் துப்பாக்கியின் கதை. ரகசியமாகப் பட்டறையில் குழாயை வைத்துச் செய்து விற்கிறதை 'நாட்டுத் துப்பாக்கி' என்று வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் குழாய் வெடியின் அழுத்தத்தைத் தாங்கவென்று செய்ததே இல்லை. அது எப்போது பிளக்கும் என்று செய்தவனுக்கே தெரியாது. அதைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துச் சுடுகிறவர் நீங்கள்.

சரி, துப்பாக்கி நல்லது, கையும் தேர்ந்த கை என்றே வைத்துக்கொள்வோம். இருட்டை என்ன செய்வது? மானும் பன்றியும் வருவது ராத்திரியில். மக்காச்சோளக் காட்டில் தட்டை அசைந்தால் அது பன்றியா, தண்ணி திருப்ப வந்த ஆளா என்று தெரியாது. எங்க பக்கத்து ஊரில் இரண்டு பேர் ஒன்றாகக் காவலுக்குப் போனார்கள். ஒருவர் ஒதுங்கப் போய்த் திரும்பி வந்தார். சலசலப்பைக் கேட்டு மற்றவர் சுட்டுவிட்டார். குண்டு தோளில் பாய்ந்தது. உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் அந்தக் கையால் இன்றைக்கும் மண்வெட்டி பிடிக்க முடியாது. இரண்டு பேரும் சொந்தக்காரர்கள். இப்போது பேச்சுவார்த்தை இல்லை. அந்த வருசக் கடலை நட்டத்தைவிட இது பெரிய நட்டமில்லையா?

துப்பாக்கி வேண்டாம் என்று சொன்னதும் சிலர் கரண்டுக் கம்பியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அது இன்னும் மோசம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பன்றிக்காகச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு, செத்த தாய்மாரைச் சுற்றிச் சுற்றி வந்ததை நாமெல்லாம் பார்த்தோம். அவுட்டுக்காயும் அதே மாதிரிதான். யார் வாயில் வெடிக்கும் என்று வைத்தவனுக்குத் தெரியாது. மாடு கடித்துத் தாடை போனதும் உண்டு.

அப்படியென்றால் பன்றியைத் தொடவே கூடாதா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. காட்டுக்கு வெளியே, ஓடைப் புதரிலும் சீமைக்கருவேலங்காட்டிலும் பன்றி பெருகிவிட்டது உண்மை. அதைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்களே சுடலாம். கேரளத்தில் 2022இல் இந்த அதிகாரத்தை ஊராட்சித் தலைவர் வரை கொண்டுபோனார்கள்.

நம்ம இயக்கம் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. சுடுவது பயிற்சி உள்ள, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆளின் வேலையாக இருக்கட்டும். ஆனால் கூப்பிட்டால் அந்த ஆள் வர வேண்டும். ஊராட்சியில் மனுக் கொடுத்தால் எத்தனை நாளில் வருவார், எந்தக் காட்டுக்கு வந்தார், என்ன செய்தார் என்பது கிராம சபையில் எழுதி வைக்கப்பட வேண்டும். உத்தரவு தாளிலேயே இருந்தால் விவசாயி பட்டறைக்காரனைத்தான் தேடிப் போவான். மானைச் சுடுவதைப் பற்றி எந்தப் பேச்சும் வேண்டாம். அதற்கு வேலியும் விரட்டலும் இழப்பீடும்தான் வழி.

வேலி போடும்போது மனசில் வைக்க வேண்டியது இது: மான் மேலே தாண்டும், பன்றி கீழே நுழையும். மானுக்கு உயரம் வேண்டும், ஆள் உயரத்துக்கும் மேலே. பன்றிக்குக் கீழ்க் கம்பி தரையை ஒட்டி இருக்க வேண்டும், அதில் புல் படாமல் செதுக்கி வைக்க வேண்டும். சோலார் வேலி விட்டு விட்டு அடிக்கிற அதிர்ச்சி, ஆளைக் கொல்லாது. வேளாண் பொறியியல் துறையில் மானியத்துக்குக் கேட்டுப் பாருங்கள். காட்டோரமாக இருந்தால் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி பதிவு செய்துவிட்டுத்தான் போட வேண்டும். தனித்தனியாக ஏக்கரை வளைப்பதைவிட நாலு பேர் சேர்ந்து ஒரே வேலியாகப் போட்டால் செலவும் குறையும், காவலும் சுலபம்.

பணம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மக்காச்சோளத்தைச் சுற்றி நாலு வரிசை ஆமணக்கு, கடலையைச் சுற்றி முள்ளுள்ள குசும்பா. அழுகின முட்டைக் கரைசலை வரப்போரப் பயிரில் அடித்தால் மான் வாய் வைக்கத் தயங்கும். மழை பெய்தால் திரும்ப அடிக்க வேண்டும். எந்த விரட்டியையும் மாசக்கணக்கில் அப்படியே விட்டால் மிருகம் பழகிவிடும். பத்து நாளுக்கு ஒருதரம் மாற்றுங்கள். பரணில் முறை வைத்துக் காவல் இருந்த பழக்கத்தை நாம் விட்டதுதான் பெரிய ஓட்டை. நாலு வீட்டுக்காரர்கள் முறை வைத்தால் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு ராத்திரிக்குள் முடிந்துவிடும்.

கடைசியாக, நட்டத்தைப் பற்றி. சேதமானதும் மனசு வெறுத்து ஏர் ஓட்டிவிடாதீர்கள். முதலில் போட்டோ எடுங்கள், வனத்துறையிலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் மனு கொடுத்து நகல் வாங்கி வையுங்கள். 2026 காரீப் பருவத்திலிருந்து வன விலங்குச் சேதத்தையும் பயிர்க் காப்பீட்டில் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்க்கலாம் என்று மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. சேதமான 72 மணி நேரத்துக்குள் செயலியில் படத்தோடு பதிய வேண்டும். எந்தெந்த விலங்கு, எந்தெந்தப் பகுதி என்று அறிவிக்க வேண்டியது மாநில அரசு. அந்தப் பட்டியலில் பன்றியும் மானும் இருக்க வேண்டும், காட்டோர வட்டாரம் ஒன்றும் விடுபடக் கூடாது என்று ஒவ்வொரு குறைதீர் கூட்டத்திலும் நாம் எழுந்து நின்று கேட்க வேண்டும்.

அந்தத் தம்பியிடம் இத்தனையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதுவரைக்கும் எங்கூடக் காவலுக்கு ஆராச்சு வருவாங்களாங்ண்ணா?" என்றார். அவர் கேட்டது நியாயம். அடுத்த கூட்டத்தை அவர் காட்டிலேயே, ராத்திரியில் வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். டார்ச் லைட்டும் தகர டின்னும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.