‘றெஃபியூஜி’ என்னும் சொல்

நம்மவர் இந்நாடுகளில் வந்திறங்கியபோது முதன்முதலிற் கற்றுக்கொண்ட ஆங்கிலச் சொற்களுள் ‘றெஃபியூஜி’ என்பதும் ஒன்றாகும். வேறோர் ஆங்கிலச் சொல்லும் வாய்க்கு வராத முதியோர்கூட இதனைத் தெளிவாக உச்சரிப்பர். படிவங்களிலே எழுதியும் விசாரணைகளிலே சொல்லியும் நமக்குப் பழகிப்போன அச்சொல்லைத் தம் பெற்றோருக்குரிய பெயராகச் சொல்ல நம் பிள்ளைகள் சிலர் கூசுகின்றனர். கூசுதற்குரிய சொல்தானா அது? அதன் பிறப்பையும் வளர்ச்சியையும் இவ்வாரம் நோக்குவோம்.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியிலே உள்ளது. அம்மொழியில் ‘ஃபூகெரே’ என்றால் ஓடுதல் என்பது பொருள். ஆபத்து நேர்ந்தவிடத்துப் பின்வாங்கி ஓடிச் சேரும் இடத்தைக் குறித்த இலத்தீன் சொல்லே ஆங்கிலத்தில் ‘றெஃபியூஜ்’ ஆயிற்று. சட்டத்துக்குத் தப்பி ஓடுபவரைக் குறிக்கும் ‘ஃபியூஜிற்றிவ்’, மையத்தை விட்டு விலகும் விசையைச் சுட்டும் ‘சென்ட்றிஃபியூகல்’, ஒரு குரல் முன்னே ஓட மற்றொரு குரல் துரத்துவது போல அமைந்த ‘ஃபியூக்’ என்னும் மேனாட்டு இசைவகை ஆகிய யாவும் அவ்வேரிலிருந்து கிளைத்தவையே. ‘றெஃபியூஜ்’ என்னும் சொல்லும் பல பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. பிரித்தானியாவில், அகன்ற தெருவைக் கடப்போர் வாகனங்களுக்கு ஒதுங்கி நடுவே தரித்து நிற்கும் சிறு மேடைக்கு அப்பெயர் உண்டு. வீட்டுக் கொடுமைக்குத் தப்பிவந்த பெண்கள் தங்கும் இல்லத்துக்கும் அதுவே பெயர். அமெரிக்காவிலோ பறவைகளையும் விலங்குகளையும் காக்கும் சரணாலயங்கள் அவ்வாறு வழங்கப்படுகின்றன. பாய்ந்துவரும் ஆபத்தின் நடுவே கால் ஊன்ற ஓர் இடம் என்பதே இவை எல்லாவற்றுக்கும் பொதுவான கருத்தாகும்.

‘றெஃபியூஜி’ என்ற சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அச்சொல்லைத் தம்முடன் கொண்டுவந்தோர் அகதிகளே. பிரான்சில் 1598ஆம் ஆண்டு நாந்த் ஆணை மூலம் புரட்டஸ்தாந்து மதத்தினருக்கு வழிபாட்டு உரிமை அளிக்கப்பட்டிருந்தது. 1685ஆம் ஆண்டில் மன்னர் பதினான்காம் லூயி அவ்வாணையை நீக்கினார். நாட்டை விட்டு வெளியேறுதலும் குற்றமாக்கப்பட்டது. தப்ப முயன்று பிடிபட்ட ஆண்கள் கப்பல்களிலே துடுப்பு வலிக்கும் தண்டனைக்கு உள்ளாயினர். அப்படியிருந்தும் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் பிரான்சை விட்டு வெளியேறினர். அவர்களுள் 50,000 பேரளவில் இங்கிலாந்தை அடைந்தனர். பட்டு நெசவாளர் பலர் கிழக்கு இலண்டனின் ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் பகுதியிற் குடியேறினர். அங்கே பிறிக் லேன் தெருவில் 1743இல் அச்சமூகத்தினர் எழுப்பிய தேவாலயம், 1898இல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதரின் தொழுகைக்கூடமாயிற்று. 1976 முதல் அது வங்காளதேச முஸ்லிம்களின் பள்ளிவாசலாக விளங்குகின்றது. வந்து சேர்ந்தோர் ஒவ்வொருவருக்கும் அக்கட்டடம் இடங்கொடுத்தது.

இச்சொல்லின் இலக்கணமும் சிந்தனைக்குரியது. ஆங்கிலத்தில் ‘ஈ’ என முடியும் இத்தகைய சொற்கள் பெரும்பாலும் பிறர் செயலுக்கு உட்பட்டவரைக் குறிக்கும். வேலையில் அமர்த்தப்பட்டவர் ‘எம்புளோயீ’. பணம் கொடுக்கப்படுபவர் ‘பேயீ’. ஆதலால் ‘றெஃபியூஜி’ என்றதும் பிறர் இட்டதை ஏற்று இருப்பவர் என்ற எண்ணம் கேட்போர் மனத்தில் எழுதல் இயல்பே. மூலமான பிரெஞ்சுச் சொல்லின் பொருள் அவ்வாறன்று. தாமே சென்று புகலிடம் கொண்டவர் என்பதே அதன் பொருள். அதிலே துணிவு உண்டு, முயற்சி உண்டு.

காலப்போக்கிற் சொல்லின் பொருள் விரிந்தது. 1914இல் ஜேர்மனியப் படைகள் பெல்ஜியத்துட் புகுந்தபோது சுமார் இரண்டரை இலட்சம் பெல்ஜியர் பிரித்தானியாவுக்கு வந்தனர். மதத்துக்காக ஓடியவரைச் சுட்டிய சொல், போரினால் வீடிழந்தோர் அனைவரையும் சுட்டலாயிற்று. விரிந்த சொல்லிற் கறையும் படிந்தது. ஜேர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா சென்ற யூத சிந்தனையாளர் ஹன்னா அரென்ற், தம்மவர் இப்பெயரை விரும்புவதில்லை என்று 1943இலேயே ஒரு கட்டுரையில் எழுதினார். 2005இல் கத்ரினா புயலால் நியூ ஓர்லியன்ஸ் மக்கள் இடம்பெயர்ந்தபோது ஊடகங்கள் சில அவர்களை ‘றெஃபியூஜி’ என்றன. சொந்த நாட்டுக் குடிமக்களை அவ்வாறு அழைக்கலாமா என்று கறுப்பின மக்களின் தலைவர்கள் சிலர் கண்டித்தனர். நாடற்றவர் என்ற பொருள் அச்சொல்லில் அவ்வளவு ஆழமாக ஏறிவிட்டது.

சட்டம் இச்சொல்லுக்குக் கொடுத்த பொருள் வேறு. இனம், மதம், தேசியம், குறித்த சமூகக் குழுவொன்றைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி என்று 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை வரையறுத்தது. போருக்கு அஞ்சி ஓடிவந்தேன் என்று மட்டும் சொன்ன நம்மவர் பலரின் மனுக்கள் இடறியது இந்த இடத்திலேதான். எனினும், ஒருவர் ஏற்கப்படுவதால் அகதி ஆவதில்லை, அகதியாக இருப்பதாலேயே ஏற்கப்படுகிறார் என்று ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையகத்தின் 1979ஆம் ஆண்டுக் கைநூல் தெளிவுபடுத்துகின்றது. அதிகாரியின் முத்திரை உள்ள உண்மையை அறிவிப்பதேயன்றி உண்மையைப் படைப்பதன்று. முடிவை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குடும்பங்கள் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.

இனி நம் வழக்குக்கு வருவோம். ‘கதி’ என்பது வழி, புகல். அது அற்றவர் ‘அகதி’. ‘ஏதிலி’ என்றும் எழுதுகின்றோம். பழந்தமிழில் ‘ஏதிலார்’ என்றால் அயலார். நமது சொற்கள் இரண்டும் இல்லாமையைச் சொல்கின்றன; ஆங்கிலச் சொல்லோ அடைந்த இடத்தைச் சொல்கின்றது. ஊரை விட்டுப் புறப்பட்ட இரவுக்கு ‘அகதி’ என்பதே பொருத்தமான சொல். கதவொன்று திறந்த நாளுக்கு மற்றைய சொல் பொருந்தும்.

பிள்ளைகள் கேட்டால் இரண்டையும் சொல்லிக் கொடுப்போம். கதியற்று நின்றோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாமே வழிதேடி நடந்து ஓர் இடத்தை அடைந்தோம் என்பதையும் அவர்கள் அறியட்டும். அடுத்த வாரம் பிறிதொரு சொல்லோடு சந்திப்போம்.