மானியம் உழுபவருக்கா, நிலத்துக்கா?

அமெரிக்காவில் வேளாண் மானியத்தைக் குறைப்பது பற்றி யாராவது வாய் திறந்தால் உடனே வரும் பதில் இது: "சிறு குடும்பப் பண்ணைகளின் உயிர்நாடியே அதுதான், கைவைத்தால் கிராமங்கள் காலியாகிவிடும்." நம்மிடையேயும் இதை நம்புபவர்கள் நிறைய. பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

டெக்சாஸ் மாநிலத்தின் வார்ட்டன் கவுன்டியில் எல் கேம்போ ஊரைச் சுற்றியிருப்பது நெல் பூமி. 1996-இல் வந்த சட்டம், மானியத்தை நடப்புச் சாகுபடியிலிருந்து பிரித்து, அந்த நிலத்தில் முன்பு என்ன விளைந்தது என்ற பழைய கணக்கோடு கட்டிவிட்டது. 2006-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அங்கே விசாரித்தபோது, விவசாயியே அல்லாத ஒருவர் வீடு கட்டியிருந்த 18 ஏக்கர் இடத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1,300 டாலர் வந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் அங்கே நெல் விளைந்ததாம், அதுவே தகுதி! 2000-க்குப் பிறகு நாடு முழுவதும் விவசாயமே செய்யாதவர்களுக்குப் போனது குறைந்தது 130 கோடி டாலர் என்று அந்த இதழ் கணக்கிட்டது.

இதில் அடிபட்டவர் குத்தகைதாரர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் மானியம் சாகுபடி செய்பவருக்குப் போகும், அல்லது அவரோடு பங்கிட வேண்டியிருந்தது. தரிசாகப் போட்டு மாடு மேய்த்தால் முழுப் பணமும் நில உரிமையாளருக்கே கிடைத்தது. அதனால் குத்தகையை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. சொந்த நிலம் இல்லாமல், கடன் வாங்கி டிராக்டர் ஓட்டி, அடுத்தவர் வயலில் பாடுபடுபவர்தானே உண்மையான சிறு விவசாயி? அவரை வெளியேற்றவே மானியம் உதவியது.

"ஒருவருக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கிறதே" என்பார்கள். 2014 சட்டப்படி அது 1,25,000 டாலர். ஆனால் கூட்டுப் பண்ணையில் ஒவ்வொரு பங்காளிக்கும் தனி வரம்பு. குடும்ப உறுப்பினர் என்றால், வயலில் கால் வைக்காமல் நிர்வாகம் பார்ப்பதாகச் சொன்னாலே பங்காளி ஆகிவிடலாம். 2018 சட்டம் இந்தக் குடும்ப வட்டத்தை ஒன்றுவிட்ட சகோதரர்கள், உடன்பிறந்தோரின் பிள்ளைகள் வரை விரித்தது. 2025-இல் வரம்பையே 1,55,000 டாலராக உயர்த்திவிட்டார்கள். பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தில் அரசு கட்டும் பெரும்பங்குக்கோ உச்சவரம்பே கிடையாது.

நாட்டின் உணவுக்காக என்ற பேச்சும் அரைகுறை. இந்தத் திட்டங்களில் பெரும்பணம் மக்காச்சோளம், சோயா, கோதுமை, பருத்தி, நெல், நிலக்கடலைக்கே போகிறது. விலை, வருமானச் சரிவை ஈடுகட்டும் திட்டங்களின் பட்டியலில் காய்கறியும் பழமும் இல்லை.

எல் கேம்போவில் கிடைத்தது போன்ற நேரடிப் பணம் 2014-இல் நின்றது உண்மை. அதன் இடத்தில் வந்த, விலையோ வருமானமோ சரிந்தால் ஈடுகட்டும் திட்டங்களும் அதே பழைய ஏக்கர் கணக்கில்தான் நடக்கின்றன. பல ஆண்டுகள் வெறும் புல் மட்டுமே வளர்ந்த நிலத்துக்கு 2018-இல் பணத்தை நிறுத்தினார்கள், நல்ல திருத்தம். 2025 சட்டமோ 3 கோடி ஏக்கர் வரை புதிதாகச் சேர்க்க வழி திறந்திருக்கிறது.

வறட்சியிலும் விலைச் சரிவிலும் விவசாயியைத் தாங்கத்தான் வேண்டும். இந்தப் பருவத்தில் அந்த வயலில் விதைத்தவர் யார் என்று பார்த்து அவருக்குக் கொடுங்கள் என்பதே கோரிக்கை. அந்தத் தகவலுக்கும் பஞ்சமில்லை. எந்த வயலில் எத்தனை ஏக்கர், என்ன பயிர், யாருக்கு எவ்வளவு பங்கு என்று விவசாயிகள் ஆண்டுதோறும் அரசின் வேளாண் சேவை அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.