பாத எரிச்சல்: சர்க்கரை மட்டுமே காரணமா?

விடிவதற்கு முன்பே போடிமெட்டு, கம்பம்மெட்டுச் சாலைகளில் ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும். தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து கேரளத்தின் உடும்பஞ்சோலை ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். செடியின் அடியில் தரையோடு கிடக்கும் சரத்திலிருந்து காயைப் பறிக்கும் இந்த வேலைக்கு விரலும் காலும்தான் மூலதனம். சர்க்கரை நோய் குறிவைப்பதும் அவற்றைத்தான்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, 20 வயதைக் கடந்தவர்களில் கேரளத்தில் 25.5 சதவீதத்தினருக்கும் தமிழகத்தில் 14.4 சதவீதத்தினருக்கும் சர்க்கரை நோய் இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவர்கள் முதலில் எழுதித்தருவது மெட்ஃபார்மின். விலை குறைவு, பலன் நிச்சயம், அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருப்பது. ஆனால் வருடக்கணக்கில் சாப்பிடும்போது அது உடலிலிருக்கும் வைட்டமின் பி12-ஐச் சத்தமில்லாமல் குறைத்துவிடக்கூடும்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதற்குக் கால்சியம் துணைபுரிய வேண்டும். அதில் மெட்ஃபார்மின் குறுக்கிடுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நெதர்லாந்தில் 390 நோயாளிகளை நான்கு ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆய்வொன்று 2010-ல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு பி12 அளவு 19 சதவீதம் குறைந்திருந்தது. 2022-ல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பத்தில் ஒருவர் வரை இந்தக் குறை ஏற்படலாம் என்று எச்சரித்தது.

கல்லீரலில் பி12 சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருக்கும். அதனால் மாத்திரை தொடங்கிய புதிதில் எதுவும் தெரியாது. சேமிப்பு கரைந்த பிறகுதான் அசதி, நாக்கில் புண், பாதத்தில் எரிச்சல், மதமதப்பு, நடையில் தள்ளாட்டம் எல்லாம் வரும். சிக்கலும் இங்கேதான். சர்க்கரை நோய் நரம்பைத் தாக்கினாலும் இதே எரிச்சல், இதே மதமதப்பு. ‘சர்க்கரையால் வருவதுதான்’ என்று விட்டுவிட்டால், ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்யக்கூடிய குறை, சரிசெய்ய முடியாத நரம்புச் சேதமாக முற்றிவிடக்கூடும். உணர்ச்சி மங்கிய காலோடு ஈரத் தோட்டத்தில் நடப்பவருக்கு முள் குத்துவதோ, அட்டை கடிப்பதோ தெரியாது. அந்தச் சிறு காயம் ஆறாத புண்ணாக மாறலாம்.

வெறும் ரத்தசோகை என்று நினைத்து ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் சாப்பிடுவதும் ஆபத்து. ரத்தம் தேறிவிட்டதுபோல் தோன்றும். நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். பி12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில் கிடைக்கிறது. காய்கறியிலும் தானியத்திலும் அநேகமாக இல்லை. எனவே சைவ உணவுக்காரர்கள், வயதானவர்கள், அதிக அளவில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், கூடவே அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையையும் நீண்ட நாள் சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இதற்காகப் பயந்து மெட்ஃபார்மினை நிறுத்திவிடக் கூடாது. கட்டுக்கடங்காத சர்க்கரை இதைவிடப் பெரிய எதிரி. செய்ய வேண்டியது, ரத்தத்தில் பி12 அளவை அவ்வப்போது பரிசோதிப்பது. தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. பாதம் எரிந்தால் பி12 பரிசோதனை வேண்டுமா என்ற கேள்வியை மட்டும் நோயாளிதான் மருத்துவரைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும்.